வேதவாசிப்பும் ஆன்மீக வளர்ச்சியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழ்ச் சபைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கிறிஸ்தவர் விசுவாசத்தில் வளர வேண்டுமானால் தவறாமல் வேதம் படித்தாக வேண்டுமா? இன்று பிரசங்க மேடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இதற்குத் தயங்காமல் ஆம் என்பார்கள். திருச்சபையின் நீண்ட வரலாற்றில் அந்த ஆம் அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. யார் படிப்பது, எந்த மொழியில் படிப்பது, தனியாகவா கூடியா, படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது, படித்ததற்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் சபைகள் வெவ்வேறு விடை சொன்னன. சில வேளைகளில் அந்த விடைகளுக்காகவே பிரிந்தும் போயின.

வேதத்திற்குள்ளேயே இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதை அப்படியே ஏற்காமல் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்க்கிறார்கள். அதற்காகப் பாராட்டும் பெறுகிறார்கள். அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டு இரதத்தில் போகும் எத்தியோப்பிய மந்திரி, வழிகாட்ட ஒருவர் இல்லாமல் தனக்கு எப்படி விளங்கும் என்று பிலிப்புவிடம் கேட்கிறார். முதல் சாட்சி தானே ஆராயும் வாசகரைக் காட்டுகிறது. இரண்டாவது, துணை தேடும் வாசகரைக் காட்டுகிறது. பின்னால் வந்த நிலைப்பாடுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த இருவருக்கும் இடையில்தான் நிற்கின்றன.

இக்கட்டுரை அந்த நிலைப்பாடுகளையும் அவை பிறந்த இடங்களையும் அவற்றின் பலவீனங்களையும் வரிசையாகப் பார்க்கிறது. பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் நிலைமையில் வைத்து ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க முயல்கிறது.

ஏன் இந்த எல்லைப்புறம்?

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் அதிகம் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கிறிஸ்தவர்களாகவே வந்தார்கள். ஒரு பகுதியினர் வந்த இடத்தில் கிறிஸ்தவர்களானார்கள்.

மூணாறில் கார்மேல் மாதா ஆலயம் 1898இல் தொடங்கியது. தோட்ட அதிகாரிகளின் ஆங்கிலிகன் ஆலயமாக 1910இல் கட்டத் தொடங்கிய கிறிஸ்து ஆலயம், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாகத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடத்துகிறது. பாலக்காட்டில் இலத்தீன் வழிபாட்டு முறையினருக்காகக் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து, 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. இவற்றோடு பெந்தெகொஸ்தே சபைகளும் சகோதரர் சபைகளும் மலையாளம் பேசும் சீரோ மலபார் கத்தோலிக்கரும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். வேதவாசிப்பைப் பற்றிய எல்லா நிலைப்பாடுகளும் ஒரே பேருந்துத் தடத்தில் சந்திக்கும் இடம் இது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் நாள் மணி அடித்தால் தொடங்குகிறது. ஓய்வு நேரம் அவர் கையில் இல்லை. அடுத்து, தாய் பேசும் மொழியும் பிள்ளை பள்ளியில் எழுதும் மொழியும் பல வீடுகளில் வேறு வேறு. தினமும் படியுங்கள் என்ற அறிவுரை இந்த இரண்டு உண்மைகளின் முன்னும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

சபையில் கேட்டால் போதும் என்ற விடை

மிகப் பழைய விடை இது. முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களில் எழுத்தறிந்தவர்கள் சிறுபான்மையினர். ஆதித் திருச்சபையின் நூல்களையும் வாசகர்களையும் ஆராய்ந்த ஹாரி கேம்பிள், பத்தில் ஒருவருக்குமேல் எழுத்தறிவு இருந்திருக்க வாய்ப்பில்லை என்ற அளவில் மதிப்பிடுகிறார். கையெழுத்துப் பிரதிகளோ விலை மிகுந்தவை. ஆகவே வேதம் என்பது பெரும்பாலோருக்குக் காதில் விழுந்த வார்த்தை. சபையில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் விளக்குவார், அனைவரும் கேட்பார்கள். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா ஜனங்கள் முன் நியாயப்பிரமாணத்தை வாசிக்க, லேவியர் அர்த்தம் சொல்லும் காட்சியே இதற்கு முன்மாதிரி.

அந்தக் காலத்திலும் மாற்றுக் குரல் இல்லாமல் இல்லை. நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தம், வேதம் துறவிகளுக்கு மட்டுமே உரியது என்று ஒதுங்கியவர்களைக் கடிந்து, குடும்பமும் தொழிலும் உள்ளவர்களுக்கே அது அதிகம் தேவை என்று போதித்தார். அகஸ்தீனின் பார்வை இன்னும் நுட்பமானது. கிறிஸ்தவப் போதனை குறித்த தம் நூலில், விசுவாசத்திலும் நம்பிக்கையிலும் அன்பிலும் உறுதியாக நிலைத்தவருக்குப் பிறரைப் போதிப்பதற்கு அன்றி வேதநூல்கள் தேவைப்படுவதில்லை என்றும், நூல்கள் இல்லாமலே தனிமையில் அப்படி வாழ்வோர் உண்டென்றும் எழுதினார். வேதம் அன்புக்குக் கொண்டுபோகும் வழி. போய்ச் சேர வேண்டிய இடம் அன்பு என்பது அவர் கருத்து.

இந்த விடையின் பலம், எழுத்தறியாதவரையும் அது முழுக் கிறிஸ்தவராகவே நடத்துகிறது என்பது. பலவீனமும் வெளிப்படையானது. வாசிப்பவரும் விளக்குபவரும் ஒருவராகவே இருக்கும்போது, அவர் சொல்லாமல் விட்டது கேட்பவருக்கு இல்லாமலே போய்விடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சிக்கு விரிந்தன. அப்போதும் பழைய ஏற்பாட்டின் சிறு பகுதிதான் ஞாயிறு திருப்பலியில் ஒலிக்கிறது. யோபுவின் முழு வாதத்தையோ எரேமியாவின் முழுப் புலம்பலையோ ஞாயிறு மட்டும் ஆலயம் வருபவர் கேட்க வாய்ப்பில்லை.

தனிவாசிப்பு: ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

ஒவ்வொருவரும் தம் மொழியில் தாமே படிக்க வேண்டும் என்ற விடையை லூதரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522இலும் முழு வேதாகமம் 1534இலும் வந்தன. ஆனால் 1525 விவசாயிகள் கிளர்ச்சிக்குப் பின், தனித்தனி வாசிப்பைவிட ஞானோபதேச வினாவிடைக்கே லூதரன் சபைகள் அதிக அழுத்தம் கொடுத்தன என்று ரிச்சர்ட் காத்ராப், ஜெரால்டு ஸ்ட்ராஸ் என்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். வீடுதோறும் வேதம், ஆளுக்கொரு வாசிப்பு என்ற பழக்கத்தைப் பரப்பியது அவர்கள் கணிப்பில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பக்தி இயக்கம். அதன் முன்னோடியான பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் எழுதிய நூலில், பிரசங்கம் கேட்பதோடு நிற்காமல் விசுவாசிகள் கூடி வேதத்தைப் புத்தகம் புத்தகமாக வாசித்துப் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த இயக்கத்தின் பாசறையாக ஹாலே நகரம் ஆயிற்று.

தமிழ் வேதவாசிப்பின் தொடக்கம் அங்கேதான். ஹாலே மரபில் வந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளிகள் திறந்தார். ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகளின் துணையோடு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் மறைவுக்குப் பின் பழைய ஏற்பாட்டை ஷூல்ட்சே 1728இல் நிறைவுசெய்தார். பிறகு ஃபெப்ரீஷியஸ், ரேனியஸ், பவர் என்று மொழிபெயர்ப்பு திருந்திக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடமும் அச்சகமும் வேதாகமமும் சேர்ந்தே வந்ததால், தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் எழுத்தறிவும் பக்தியும் பிரிக்க முடியாத இரட்டையாகிவிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ஒழுங்கான அட்டவணைகள் சேர்ந்தன. டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரி மெக்செய்ன் 1842இல் வகுத்த முறைப்படி, ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு முறையும் வாசித்து முடியும். இலண்டனில் தொடங்கிய ஸ்கிரிப்சர் யூனியன் 1879 முதல் தினவாசிப்புப் பகுதிகளைப் பரப்பியது. 1954இல் உருவான இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம், கல்லூரி மாணவர்களிடையே அதிகாலைத் தியான நேரத்தை ஒரு கட்டாயப் பழக்கம்போல் ஆக்கியது. எல்லைப்புறச் சபைகளில் ஆண்டுக்கொரு முறை வேதத்தை முடிப்பவர்களைப் பாராட்டுவதும், ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பிப்பதும் இந்த மரபின் கிளைகளே.

தனிவாசிப்பு தந்த நன்மைகளைக் குறைத்துப் பேச முடியாது. போதகர் வர முடியாத மலைக்காட்டில் ஒருவருடைய விசுவாசத்தை அது தாங்கியது. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கும் துணிவைக் கொடுத்தது. அதன் பலவீனங்கள் மூன்று. ஓய்வும் தனியறையும் எழுத்துப் பழக்கமும் உள்ள வாசகரையே அது மனத்தில் கொண்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், இரண்டு சிறு அறைகள் கொண்ட வீட்டில், விடியுமுன் சோறாக்கிப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கு அதிகாலைத் தியான நேரம் என்பது பெரும்பாலும் எட்டாத ஒன்று. அடுத்து, நாள் தவறினால் குற்ற உணர்வு மிஞ்சுகிறது, கணக்கு முடிந்தால் பெருமை மிஞ்சுகிறது. மூன்றாவதாக, தவறாகப் புரிந்துகொண்டால் திருத்த அருகில் யாரும் இல்லை.

கத்தோலிக்கத் தயக்கமும் திருப்பமும்

கத்தோலிக்கத் திருச்சபை வேதத்தை மக்களிடமிருந்து ஒளித்து வைத்தது என்ற பரவலான குற்றச்சாட்டு முழு உண்மை ஆகாது. 1564இல் வெளியான தடைநூல் விதிகள், தாய்மொழி வேதாகமத்தை வாசிக்க ஆயரின் அனுமதியைக் கோரின. துணையில்லா வாசிப்பு பிளவில் முடியும் என்பது அன்றைய அச்சம். தரங்கம்பாடியாரோடு தமிழிலேயே வாதிட்ட வீரமாமுனிவர் 1728இல் எழுதிய ‘வேத விளக்கம்’ இந்த மோதலின் தமிழ் ஆவணம். சீர்திருத்தச் சபைகள் பின்னாளில் நூற்றுக்கணக்கில் பிரிந்ததைப் பார்க்கும்போது, அந்த அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று சொல்வது கடினம். அதே அச்சம் தலைமுறைகள் பலவற்றைத் தம் வேதத்திலிருந்து தள்ளி நிறுத்தியது என்பதையும் மறுக்க முடியாது.

திருப்பம் படிப்படியாக வந்தது. போப் பன்னிரண்டாம் பயஸ் 1943இல் வெளியிட்ட சுற்றுமடல் மூலமொழி ஆய்வுக்கு வழிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் ஏற்ற இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, விசுவாசிகள் அனைவரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. வாசிப்போடு மன்றாட்டும் சேர வேண்டும் என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் தமிழில் வெளிவந்தது. 2019இல் போப் பிரான்சிஸ் ஆண்டின் பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார்.

கேரளத்தில் இதற்கு இன்னொரு வாய்க்காலும் இருந்தது. அருங்கொடை இயக்கத்தின் தியான மையங்கள் விவிலியத்தைச் சாதாரணக் கத்தோலிக்கரின் கையில் கொடுத்தன. முரிங்ஙூரின் டிவைன் தியான மையமும் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியின் தாவளத்தில் உள்ள செகியோன் தியான மையமும் இதில் நன்கு அறியப்பட்டவை. சில நாள் தியானத்தில் பற்றும் நெருப்பு ஊர் திரும்பியபின் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் இந்த வழியின் முன் உள்ள கேள்வி. தியானத்திற்குப் போய்வந்தவரை உள்ளூரில் தாங்கிக்கொள்ள ஒரு சிறு குழு இல்லாவிட்டால், விவிலியம் மீண்டும் அலமாரிக்கே போய்விடக் கூடும்.

கூடிப் படிக்கும் வழி

தனியாகவும் இல்லாமல், பீடத்திலிருந்து மட்டும் கேட்பதாகவும் இல்லாமல், சிலர் கூடி ஒரு பகுதியை வாசித்துப் பேசும் முறை இரு பக்கத்திலும் வளர்ந்தது. சீர்திருத்தப் பக்கத்தில் இதற்கு ஒரு தமிழ் முன்னோடி உண்டு. ரேனியஸின் மாணவரும் சகோதரர் சபை மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தோழருமான ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வெளிநாட்டுச் சம்பளத்தைச் சாராமல் ஊழியம் செய்தார். 1860இல் அவர் வட்டாரத்தில் பெரும் எழுப்புதல் உண்டானது. பட்டம் பெற்ற குருவானவர் இல்லாமலே விசுவாசிகள் வேதத்தைக் கையாளலாம் என்ற நம்பிக்கை அங்கே செயலில் தெரிந்தது. இன்று லயங்களில் வாரநாள் மாலைகளில் வீடு மாற்றி வீடு நடக்கும் ஜெபக்கூட்டங்களில் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியைக் காணலாம்.

கத்தோலிக்கப் பக்கத்தில், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களான அன்பியங்கள் இதே இடத்தை நிரப்புகின்றன. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியா முழுவதும் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. முதலில் ஆண்டவரைத் தங்கள் நடுவே அழைக்கிறார்கள். ஒருவர் பகுதியை உரக்க வாசிக்கிறார். பிறகு ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட சொல்லையோ சொற்றொடரையோ மட்டும் மும்முறை சொல்லி நிறுத்துகிறார்கள். சில நிமிடம் மௌனம். அதன்பின் மனத்தில் பட்டதைப் பகிர்கிறார்கள்; பிரசங்கம் செய்யவோ விவாதிக்கவோ இடமில்லை. ஆறாம் படியில், இந்த வாரம் இந்தத் தெருவில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று பேசி, யார் யாரைப் பார்க்கப் போவது என்றுகூட முடிவு செய்கிறார்கள். இறுதியில் ஜெபம். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டியும் மூன்றாம் படியில் ஒரு சொல்லை எடுத்துத் தர முடிகிறது என்பது இதன் தனிச் சிறப்பு.

இதற்கும் குறைகள் உண்டு. எல்லாரும் தமக்குப் பட்டதைச் சொல்லிக் கலைந்தால், பகுதி உண்மையில் என்ன சொல்கிறது என்ற கேள்வி விடுபட்டுப்போகலாம். வீட்டுக் கூட்டங்களில் குரல் பெரியவர், கங்காணி வழி வந்தவர், ஆண் என்ற வரிசையில் பேச்சு போய்விடும் அபாயமும் உள்ளது. நடத்துபவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் ஏழு படிகளும் சடங்காகச் சுருங்கிவிடும்.

பாட்டும் பறையும் எழுப்பும் மறுப்பு

இதுவரை பார்த்தவை எல்லாம் அச்சுநூலை மையமாக வைத்தவை. அந்த மையத்தையே கேள்விக்கு உட்படுத்தியவர்களும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேதக் கதையைப் ‘பெத்லகேம் குறவஞ்சி’யாகவும் கீர்த்தனைகளாகவும் பாடித் தந்தார். நூலைத் திறவாதவர்களும் அந்தப் பாட்டுகள் வழியே வேதத்தை மனத்தில் சுமந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில், கீர்த்தனை மரபும் உயர்சாதி மரபே என்று விமர்சித்து, நாட்டுப்புற மெட்டில், உழைக்கும் மக்களின் பேச்சில் இறையியலைப் பாடினார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து மறுக்கப்பட்ட தலித் மக்களுக்குப் பறையே தெய்வத்தோடு பேசும் ஊடகமாக இருந்தது என்று வாதிட்டது. இலங்கைத் தமிழரான ஆர். எஸ். சுகிர்தராஜா, காலனி ஆட்சியோடு சேர்ந்து வந்த வேதாகமம் அந்த ஆட்சியின் மதிப்பீடுகளையும் சுமந்து வந்ததை விரிவாக எடுத்துக்காட்டினார்.

இந்த மறுப்பு தோட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அங்கே வேதம் முதலில் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் உபதேசியாரின் குரலாகவும் பாட்டாகவும்தான் என்று கருத இடமுண்டு. நூல் வாசிப்பையே ஆன்மீகத்தின் அளவுகோலாக வைத்தால் அந்த முதல் தலைமுறையின் விசுவாசம் கணக்கில் வராது. ஆயினும் இந்த வாதத்தை எல்லைவரை இழுத்தால் ஒரு ஆபத்து வருகிறது. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து இனித் தேவையில்லை என்று அது ஒலிக்கக் கூடும். மறுக்கப்பட்டதைக் கையில் எடுப்பதும் விடுதலைதான்.

வசனமும் அதிகாரமும்: ஒரு சோதனை

நிலைப்பாடுகளின் வேறுபாடு நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு எரேமியா 29ஆம் அதிகாரம் நல்ல உதாரணம். புத்தாண்டு ஆராதனையில் வழங்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் காலண்டர்களிலும் அடிக்கடி இடம்பெறுவது அதன் 11ஆம் வசனம். தேவன் தம் மக்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறார், நல்ல எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். அந்த அட்டையைச் சுவரில் ஒட்டி ஆறுதல் அடைபவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அதிகாரம் முழுவதையும் படிப்பவர் வேறொன்றைச் சந்திக்கிறார். அது, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலத்திற்காக வேண்டுங்கள் என்று அது தொடங்குகிறது. விரைவில் திரும்பிவிடலாம் என்று இனிப்பாகப் பேசும் தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என எச்சரிக்கிறது. திரும்புவதற்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அதாவது, கேட்டவர்களில் பலர் திரும்பப் போவதில்லை. அதன் பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது.

வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற விதியில் லயத்தில் வாழும் குடும்பத்திற்கு, பிறர் தோட்டத்தில் தலைமுறைகளாக நட்டும் தமக்கென ஒரு துண்டு நிலம் இல்லாதவர்களுக்கு, இந்த அதிகாரம் அட்டை சொல்லாத பலவற்றைச் சொல்கிறது. குடிவந்த ஊரை நம் ஊராக நேசிப்பது, அதன் நலத்தில் பங்கு கேட்பது, சுலபமான வாக்குறுதிகளைச் சந்தேகிப்பது, தம் பிள்ளைகளின் காலத்தை நினைத்து இன்று வேலை செய்வது ஆகிய எல்லாமே அதில் உண்டு. ஒரே அதிகாரம்தான், துண்டாகக் கிடைத்தால் ஆறுதல் மட்டும் தருகிறது, தொடர்ச்சியாகப் படித்தால் ஆறுதலோடு ஒரு வாழ்க்கைமுறையும் தருகிறது.

துன்ப காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடி எழுபது உயிர்களைப் பறித்தது. இத்தகைய பேரிழப்புக்குப் பின் இது யாருடைய பாவத்திற்கான தண்டனை என்ற கேள்வி எழுவதும், அதற்கு ஆதாரமாக யாரோ ஒரு வசனத்தை எடுத்து நீட்டுவதும் எங்கும் நடப்பதே. யோபுவின் நூலை முழுவதும் படித்தவர்கள், அப்படி விளக்கம் சொன்ன நண்பர்களைத் தேவனே கண்டிக்கிறார் என்பதை அறிவார்கள். இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை அறிந்தவர்கள், விடை இல்லாத அழுகைக்கும் ஜெபத்தில் இடமுண்டு என்பதை அறிவார்கள். இதை இழப்பு வந்த நாளில் புதிதாகக் கற்க முடியாது; முன்பே பழகியிருக்க வேண்டும். ஒழுங்கான வாசிப்புக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுவே என்று தோன்றுகிறது.

வளர்ச்சியை அளக்க முடியுமா?

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்விக்குக் கணக்கெடுப்பால் விடை காண முயன்றார்கள். அமெரிக்காவின் வில்லோ கிரீக் சபை 2007இல் வெளியிட்ட ‘ரிவீல்’ ஆய்வும் அதன் தொடர்ச்சிகளும், பெரிய அளவில் சபையாரிடம் வினாநிரல் கொடுத்து, வேதத்தைச் சிந்தித்து வாசிப்பதே ஆன்மீக வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடைய பழக்கம் என்று கண்டன. எதிர்ப்பும் உடனே எழுந்தது. வளர்ச்சியைப் பற்றிப் பதில் சொன்னவர்கள் தம்மைத்தாமே மதிப்பிட்டவர்கள். வாசிப்பதால் வளர்கிறார்களா, வளர்ந்தவர்கள் வாசிக்கிறார்களா என்பதை ஒரே சமயத்தில் எடுத்த கணக்கால் பிரித்தறிய முடியாது. அமெரிக்க நடுத்தர வர்க்கச் சபைகளின் முடிவைத் தோட்டத்து லயத்திற்கு அப்படியே கொண்டுவருவதும் பொருந்தாது.

இதைவிட ஆழமான தடை நம் வரலாற்றிலேயே உள்ளது. வேதத்தில் ஊறித் திளைத்த வேதநாயக சாஸ்திரியாரே, சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது பல தமிழ்ச் சபைகள் கொந்தளித்தன. முந்நூறு ஆண்டு வாசிப்புக்குப் பின்னும் தமிழ்ச் சபைகளிலிருந்து சாதி முழுதாக நீங்கவில்லை. படித்த அதிகாரங்களின் எண்ணிக்கைக்கும் மனமாற்றத்திற்கும் இடையே தானியங்கித் தொடர்பு எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சோதனைக்காரனும் 91ஆம் சங்கீதத்தைச் சரளமாக எடுத்துச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். திருவசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவர்கள் தங்களையே ஏமாற்றுகிறார்கள் என்று யாக்கோபு எச்சரிப்பதும் இதைத்தான்.

எந்த மொழியில்?

எல்லைப்புறத்தில் மற்ற எல்லாக் கேள்விகளையும் தாண்டி நிற்கும் ஒன்று இருக்கிறது. மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆயினும் வேலைவாய்ப்பை எண்ணி மலையாளம் அல்லது ஆங்கிலவழியில் பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், ஜெபிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் அமைந்த வேதாகமத்தை வாசிக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள்.

இதற்கு மூன்று விடைகள் முன்வைக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கு எந்த எழுத்து வருமோ அந்த மொழியிலேயே படிக்கட்டும் என்பது ஒன்று. இது நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பாட்டி ஒரு மொழியிலும் பேரன் இன்னொரு மொழியிலும் நிற்க நேரும். ஓய்வுநாள் பள்ளியே தமிழ் எழுத்தையும் கற்பிக்கட்டும் என்பது இரண்டாவது. தரங்கம்பாடிப் பள்ளிகள் செய்த வேலையை மீண்டும் தொடங்குவது இது. ஆசிரியரும் நேரமும் கிடைப்பது அரிது. கைபேசியில் ஒலிவடிவ வேதாகமத்தைக் கேட்பது மூன்றாவது. எழுத்தின் தடையை அது கடக்கிறது, கொழுந்துக் காட்டிலும் சமையலறையிலும் கூட வருகிறது. ஆனால் நிறுத்தி, திரும்பிப் போய், ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஒலி மட்டும் போதுமா என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகளை அளவோடு சொல்லலாம். முதலாவது, ஒழுங்கு தேவை. வேதத்தின் பெரும்பகுதி தொடர்ச்சியாகக் கேட்டாலோ படித்தாலோ மட்டுமே பொருள் தருகிறது. அவ்வப்போது கிடைக்கும் வசனத்தால் அது முடியாது. இரண்டாவது, அந்த ஒழுங்குக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று வரலாறு சொல்லவில்லை. அதிகாலைத் தனிவாசிப்பு ஒரு நல்ல வழி. அதையே விசுவாசத்தின் அடையாளமாக ஆக்குவது, நேரமும் எழுத்தும் இல்லாதவர்களுக்கு அநியாயம்.

மூன்றாவதாக, பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தின் சூழ்நிலைக்குப் பெரிதும் பொருந்துவது, சிறு குழுவாகக் கூடி, வாரம் ஒரு நாளாவது, ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உரக்க வாசித்துப் பேசும் முறை என்று தோன்றுகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கலாம். வாழ்ந்து அறிந்த மூத்தவர் பொருள் சொல்லலாம். ஓரளவு பயிற்சி பெற்ற ஒருவர் பகுதியின் பின்னணியை எடுத்துத் தரலாம். பெரோயாவின் ஆராய்ச்சியும் எத்தியோப்பிய மந்திரியின் பணிவும் அங்கே ஒன்றாக இருக்க முடியும். தனிவாசிப்பும் ஆலய வாசிப்பும் இதற்குத் துணை நிற்கும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் குறைந்தது மூன்று. அடுத்த தலைமுறை எந்த மொழியில் வேதத்தைத் தம்முடையதாக உணரும் என்பது ஒன்று. தோட்டத்து ஜெபக்கூட்டங்களைத் தாங்குபவர்களில் பெரும்பங்கு பெண்கள்; பொருள் சொல்லும் அதிகாரத்தை அவர்களுக்குச் சபைகள் எவ்வளவு தரும் என்பது இரண்டாவது. வாசிப்பால் வளர்ந்தோமா என்பதை எதைக்கொண்டு அறிவது என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விக்கு அகஸ்தீன் தந்த அளவுகோலைவிடச் சிறந்தது இதுவரை முன்வைக்கப்படவில்லை: தேவனிடத்திலும் பிறரிடத்திலும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம், வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. சாதி பார்க்காமல் பந்தியில் உட்காருவது, லயத்தில் அடுத்த வீட்டின் துயரத்தைத் தன் துயரமாக எடுத்துக்கொள்வது, கூலிக்கும் குடியிருப்புக்கும் நியாயம் கேட்பவரோடு நிற்பது ஆகியவற்றில் அந்த அன்பு தெரியும். ஒரு சபையின் வேதப்படிப்பைச் சோதிக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவையே.